ஏரிக்கரை வளைவில் ஓர் இரவு: நடக்க, நீந்த, டென்ட் போட

பெரிய ஏரிகளில் சில இடங்களில் கரை உள்ளே வளைந்து, இரண்டு பக்கமும் மேடு மறைக்க, அலையே இல்லாத ஒரு மூலையாக இருக்கும். ஆள் நடமாட்டமும் குறைவு. அப்படி ஒரு வளைவில் முதல் முறை தங்கிய இரவு நான் சரியாகத் தூங்கவே இல்லை. பிறகு பலமுறை போனபின்தான் பிடிபட்டது. இப்போது நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

நீந்தவும் தங்கவும் தீ மூட்டவும் அங்கே அனுமதி உண்டா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு அனுமதி இருப்பதால் மற்றதற்கும் இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

1. முதலில் நடை

இருட்டுவதற்கு மூன்று மணி நேரம் முன்பாவது போய்விடுங்கள். பையை இறக்கியதும் டென்ட்டைப் பிரிக்காதீர்கள். வளைவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பாருங்கள். கரையில் காய்ந்த சருகும் குச்சியும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடந்தால், தண்ணீர் அதுவரை ஏறி வந்திருக்கிறது என்று அர்த்தம். அணைக்கட்டு ஏரி என்றால், எங்கோ மேலே பெய்த மழைக்கு இங்கே நீர்மட்டம் உயரலாம். ஈர மண்ணில் குளம்படிகள் நிறைய இருந்தால் அது விலங்குகள் தண்ணீர் குடிக்க வரும் வழி. அங்கே தங்கக் கூடாது.

தண்ணீரின் மேல் பச்சை பெயிண்ட் கொட்டியதுபோல் படலம் மிதந்தால் அன்று நீச்சல் வேண்டாம். நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது, அதனால் குடிக்கவும் கூடாது.

2. டென்ட் எங்கே போடுவது?

நான் தவறியது இங்கேதான். தண்ணீருக்கு நாலடி தள்ளி, பாய் விரித்ததுபோல் புல்தரை இருந்தது. அங்கேயே போட்டேன். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் இழுத்து மூடினேன். விடியற்காலையில் முகத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. மழை என்று நினைத்து வெளியே வந்தால் வானம் நிறைய நட்சத்திரம். டார்ச் அடித்துப் பார்த்தேன்: டென்ட் துணியின் உள்பக்கம் முழுக்க நீர்முத்துகள், தூக்கப்பையின் கால்பக்கம் ஈரம்.

காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஏரிக்கரை வளைவோ மூன்று பக்கம் அடைத்த பள்ளம். அங்கே ஏரியின் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது. நம் மூச்சின் ஈரமும் வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த துணியில் படிந்து சொட்டுகிறது.

அதனால் கரையிலிருந்து சுமார் 60 மீட்டர், அதாவது பெரியவர் நடையில் ஏறக்குறைய 70 காலடி நடந்து, சற்று மேட்டுக்கு ஏறுங்கள். கரையில் உள்ள செடிகளுக்கும் விலங்குகளுக்கும் அந்த இடைவெளி நல்லது. மரத்தடியில் பனி குறைவாக இறங்கும். ஆனால் மேலே பட்டுப்போன கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். குளிரடித்தாலும் காற்றுத் திறப்பைத் திறந்தே வையுங்கள். அடியில் விரிக்கும் ஷீட் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீரைப் பிடித்து உள்ளே அனுப்பும். மடித்து உள்ளே தள்ளிவிடுங்கள்.

என்னைக் கேட்டால் ஏரிக்கரைக்கு இரட்டை அடுக்கு டென்ட்தான். ஒற்றை அடுக்கு எடை குறைவு என்பது உண்மை. ஆனால் ஈரம் நேராக நம் மேல் சொட்டும்.

3. நீச்சல்

தெளிந்த தண்ணீரில் அடிமண் அருகில் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால் நாலடி ஆழம் மூன்றடியாகத்தான் தோன்றும். ஆகவே தலைகீழாகக் குதிக்கவே கூடாது. கையில் ஒரு கம்போடு, தரையைத் தட்டிப் பார்த்து நடந்து இறங்குங்கள்.

வெயில் காலத்தில் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம் கீழே போனால் திடீரென்று குளிரும். குளிர் பட்டதும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. மார்பளவு நீரில் நின்று, மூச்சு சீராகும்வரை பொறுங்கள். அப்புறம் நீந்துங்கள்.

கரையை ஒட்டியே, வளைவுக்குள்ளேயே நீந்துங்கள். வாய்ப்பகுதியைத் தாண்டினால் காற்றும் அலையும் வேறு மாதிரி இருக்கும். காலில் கொடி சுற்றினால் உதைக்காதீர்கள், இன்னும் இறுகும். மல்லாந்து மிதந்து, கையால் மட்டும் மெதுவாகத் துழாவி, வந்த வழியே திரும்புங்கள். இடுப்பில் கட்டும் பளிச்சென்ற மிதவை ஒன்றை நான் எப்போதும் எடுத்துப் போவேன். தனியாக மட்டும் இறங்காதீர்கள்.

கரையேறியதும் உடனே உலர்ந்த உடைக்கு மாறுங்கள். வெளியே வந்த பிறகும் சிறிது நேரம் உடம்பு குளிர்ந்துகொண்டே போகும்.

4. மற்றவை

சோப்பு எந்த வகையானாலும் ஏரியில் கலக்கக் கூடாது. தண்ணீரை மொண்டு தள்ளிப்போய்க் கழுவுங்கள். கழிப்பிடம் இல்லையென்றால் அதே 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி மூடுங்கள்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் பலர் கொசுவைப் பற்றிக் கேட்டார்கள். காற்று அசையாத இடத்தில்தான் அது மொய்க்கும். மேட்டில் வீசும் இளங்காற்று பெருமளவு விரட்டிவிடும். மாலை மங்கும் நேரத்தில் டென்ட் வலையை மட்டும் மூடி வையுங்கள். மேலே இருந்தாலும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியும். விடியும்போது வளைவுக்குள் வெள்ளையாகப் பனிமூட்டம் தேங்கி நிற்பதை, உலர்ந்த தூக்கப்பைக்குள் படுத்தபடியே பார்க்கலாம்.