ஊரிலயே தயிர் யாவாரம்: நாலு பேர் சேர்ந்து தொடங்குறது எப்பிடி

2022ல இலங்கையில பால்மா பக்கெட் ஒண்டுக்காக திருகோணமலை டவுனில கியூவில நிண்டது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். கொஞ்சத் தூரம் போனா தம்பலகாமத்தில எருமை பட்டி பட்டியா நிக்குது, கிண்ணியாவில தயிர் உறையுது, நாங்க என்னடாண்டா நாட்டில டொலர் இல்லையெண்டு வெளிநாட்டுப் பவுடரைப் பாத்துக்கொண்டு நிண்டம். அந்தக் கோபத்திலதான் பன்னிரண்டு பேர் சேர்ந்து தயிர் போடத் தொடங்கினது. முதல் தரம் விழுந்திட்டுது, இரண்டாம் தரம் ஓடுது, அதால எழுதுறன்.

முதல் வேலை ஆள் சேர்க்கிறது. ஏற்கெனவே சீட்டுப் பிடிக்கிற கூட்டம் இருந்தா திறம், ஆர் சொன்ன திகதிக்குக் காசு தாறது ஆர் சாட்டுச் சொல்லுறது எண்டு உங்களுக்கே தெரியும். ஆளுக்கு ஒரு பங்கு, எல்லாரும் ஒரே அளவு போடுங்கோ, கூடப் போட்டாலும் ஒரு வாக்குத்தான் எண்டு முதல் கூட்டத்திலயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கோ. தலைவர் ஆர், பேனர் என்ன நிறம் எண்டு சண்டை வரும், அதைப் பிறகு பாக்கலாம். கிழமைக்குக் கிழமை கட்டுற லோன் மட்டும் எடுக்காதேங்கோ, தயிர் உறையிறதுக்கு முன்னம் தவணை வந்து வாசல்ல நிக்கும்.

தொடக்கத்தில ஒரு நாளைக்கு இருபது சட்டி காணும். பாலை நல்லாக் காய்ச்சி, விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, சட்டியில ஊத்தி உறை போட்டு, அசைக்காம இரவு முழுக்க விடுறது. அவசரப்பட்டு சூட்டோட உறை போட்டா திரிஞ்சுபோகும், எங்களுக்கு ஒரு நாள் இருபதும் போச்சு. மண்சட்டி தண்ணியை உறிஞ்சிறதாலதான் தயிர் கட்டியா நிக்கிறது, பிளாஸ்டிக் கப் மலிவு எண்டு மாறாதேங்கோ. விக்கிறதுக்கு முன்னம் பீ.எச்.ஐ.யை, அதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை, கூப்பிட்டு இடத்தைக் காட்டுங்கோ.

இனிக் கணக்கு, நாங்க விழுந்த இடம். காசு ஒராளின்ட பர்சுக்குள்ள கிடந்தது, அவ களவெடுக்கேல்ல பாவம், வீட்டுக் காசும் சங்கக் காசும் கலந்துபோச்சு, அவவுக்கே எது எதெண்டு தெரியேல்ல. ஒரு கடைக்காரர் ஏழு கிழமையா நாளைக்கு நாளைக்கு எண்டார். விலை வைக்கேக்க விறகு, சட்டி, ஆட்டோக் காசு எல்லாம் போட்டம், விடிய நாலு மணிக்கு எழும்பின எங்கட கூலியை மட்டும் போடேல்ல. இப்ப ஒரு பெரிய கொப்பி, ஆரும் எப்பவும் திறந்து பாக்கலாம், வங்கிப் புத்தகத்தில ரெண்டு பேர் கையெழுத்து, கடன் இல்லை. 1844ல இங்கிலாந்தில ரொச்டேல் எண்ட ஊரில 28 பேர் காசு சேர்த்துக் கடை திறந்தவை, மா, சீனி, வெண்ணெய், ஓட்ஸ், மெழுகுதிரி, அவ்வளவுதான், அவையும் கடனுக்குக் குடுக்கேல்ல. லாபத்தை வாங்கின அளவுக்குப் பிரிச்சுக் குடுத்தவை.

நாங்க அதையே மாத்தி வைச்சிருக்கிறம். மாசம் 10,000 மிஞ்சினா 2,500 ஒதுக்கு, அதைத் தொடக்கூடாது, மிச்சம் ஆர் எத்தினை நாள் வேலை செய்தது எண்ட கணக்குக்கு. பங்குக்கு மட்டும் லாபம் பிரிச்சா வராத ஆள் இருந்து சாப்பிடும்.

ஒரு வருசம் தாக்குப்பிடிச்சா பிறகு கூட்டுறவுத் திணைக்களக் கந்தோருக்குப் போய், 1972ம் ஆண்டு 5ம் இலக்கச் சட்டத்தின் கீழ சங்கமாப் பதியிறது பற்றிக் கேளுங்கோ.

கடைசியா ஒண்டு. நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் வெள்ளைக்காரர் நிறைய வாறது மே தொடங்கி செப்டெம்பர் மட்டும், அந்த நேரம்தான் இங்க புல்லுக் காய்ஞ்சு பால் குறையிறது. மழைக்கு நெல் விதைக்கிற பெரும்போகத்தில பட்டியை வயல்ல இருந்து தூரத்துக்குக் கொண்டு போயிடுவினம். ஹோட்டலோட பேச முன்னம் பட்டிக்காரரோட பேசுங்கோ.