பழைய வண்டி ரெஸ்டோர் பண்றீங்களா? ஸ்பேனர எடுக்கறதுக்கு முன்னாடி ஆர்சி புக்க எடுங்க

என் முதல் பைக் யமஹா ஆர்எக்ஸ் 100, 94 மாடல். எட்டு மாசம் உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டா கழட்டி, சேசிஸ, அதாவது வண்டியோட ஃபிரேம, சாண்ட் பிளாஸ்ட் பண்ணி (மணல பீச்சி துருவ எடுக்கறது), நல்லா திக்கா பவுடர் கோட்டிங் அடிச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிட்டு எஃப்சி காட்ட (பழைய வண்டி ரோட்ல ஓட தகுதியா இருக்கான்னு பாக்கறது) ஆர்டிஓ ஆபீஸ் எடுத்துட்டு போனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரு, ஹேண்டில் பக்கத்துல நெக்ல இருக்கற சேசிஸ் நம்பர் மேல பேப்பர வெச்சு பென்சில்ல தேய்ச்சாரு, மூணு எழுத்து தான் விழுந்துச்சு, மீதி எல்லாம் கோட்டிங்குக்குள்ள போயிடுச்சு. "தம்பி, நம்பர் தெரியலையே"ன்னு சிரிச்சுட்டே அடுத்த வண்டிக்கு போயிட்டாரு. அப்புறம் கேட்டுக்கு வெளிய பெயிண்ட் ரிமூவர் வாங்கி, புது கோட்டிங்க நானே ஒரு பழைய டூத் பிரஷ் வெச்சு சுரண்டினேன் பாருங்க, வயிறு எரிஞ்சுது.

அதனால முதல் விஷயம் இதான். பிளாஸ்டிங், கோட்டிங்னு குடுக்கும்போது சேசிஸ் நம்பர் மேல மாஸ்கிங் டேப் ஒட்டி, பட்டறைக்காரர்கிட்டயும் வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. எஞ்சின் கேஸ பஃபிங் போடறப்பவும் இதே கதை தான், பளபளப்பு வேணும்னு தேய்ச்சு தேய்ச்சு எஞ்சின் நம்பரையே அழிச்சவங்க இருக்காங்க. அழிஞ்சா தயவு செஞ்சு நீங்களா நம்பர பஞ்ச் அடிக்காதீங்க. நம்ம நியாயம் நமக்கு தெரியும், பாக்கறவனுக்கு அது திருட்டு வண்டி, அவ்ளோ தான்.

வாங்கறப்ப பண்ற தப்பு இன்னும் பெருசு. வண்டியோட டேங்க், மீட்டர், "ஜப்பான் பார்ட்ஸ் தான் சார்"ங்கற பேச்சு இதுலயே மயங்கிடுவோம். ஆர்எக்ஸ் 100 1985ல வந்து 1996ல நின்னுடுச்சு, ஆரம்பத்துல ஜப்பான்ல இருந்து பார்ட்ஸா வந்து இங்க அசெம்பிள் ஆச்சு, அந்த ஒரு விஷயத்த வெச்சு இன்னைக்கு வரைக்கும் 95 மாடலுக்கும் ஜப்பான் கதை சொல்றாங்க, கேட்டுக்கோங்க ஆனா காசு குடுக்காதீங்க. பாக்க வேண்டியது ஆர்சில இருக்கற பேரும் விக்கறவரோட பேரும் ஒன்னான்னு. பாதி வண்டி மூணு கை மாறியிருக்கும், பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30ல யாரோ எப்பவோ போட்ட கையெழுத்த வெச்சு ஓடிட்டு இருக்கும். ஓனர் இறந்துட்டார்னா அந்த கையெழுத்து எதுக்கும் ஆகாது, வாரிசு சான்றிதழோட ஃபார்ம் 31 போடணும், அதுக்கு அந்த குடும்பம் ஒத்துழைக்கணும். பழைய புக் ஆர்சின்னா அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு பாருங்க, வரலைன்னா பெரும்பாலும் கம்ப்யூட்டர்ல ஏத்தவே இல்லைன்னு அர்த்தம், முதல்ல பேக்லாக் என்ட்ரி போடணும், அதுக்கே சில நாள் அலையணும். இதெல்லாம் முடிச்சுட்டு வாங்க, அப்புறம் அட்வான்ஸ்.

சரி, மாடிஃபிகேஷன். நம்ம ஊர்ல ஆர்எக்ஸ் 100 வாங்கினவன் மூணாவது மாசம் செய்யற வேலை ஆர்எக்ஸ் 135 வண்டியோட பிளாக், அதாவது சிலிண்டர், ஏத்தறது. 100க்கு போர் (சிலிண்டர் விட்டம்) 50 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 50 மிமீ, மொத்தம் 98 சிசி. 135ல ஸ்ட்ரோக் அதே 50 தான், போர் மட்டும் 58, அதனால 132 சிசி ஆகுது. ஓட்ட சூப்பரா இருக்கும், மறுக்கல. ஆனா ஆர்சில 98 சிசின்னு இருக்கு, நீங்க ஓட்டறது 132. மோட்டார் வாகன சட்டத்துல செக்‌ஷன் 52 இதுக்குன்னே இருக்கு, கம்பெனி குடுத்த ஸ்பெசிஃபிகேஷன மாத்தக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டும் 2019 ஜனவரில தெளிவா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5000 ரூபாய் ஃபைன், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம். ஒவ்வொரு மாத்தத்துக்கும்ங்கறத கவனிங்க, பிளாக் ஒன்னு, சைலன்சர் ஒன்னு, ஹேண்டில் பார் ஒன்னுன்னு எண்ண ஆரம்பிச்சா மூணுக்கே 15,000 ஆயிடும்.

எஞ்சின் போயிடுச்சுன்னா அதே மேக், அதே டைப் எஞ்சின் மாத்தி ஆர்டிஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சில ஏத்திக்கலாம். கலர் மாத்தினாலும் ஆர்சில ஏத்தணும், அது பலருக்கு தெரியறதே இல்ல. சென்னை புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் கடைல எஞ்சின் வாங்கறவங்க பில் கேளுங்க, பில் இல்லைன்னா பழைய வண்டியோட ஆர்சி காப்பியாவது கேளுங்க. அந்த எஞ்சின் எந்த ஊர்ல எவன் வீட்டு வாசல்ல இருந்து வந்துச்சோ, மாட்டினா பதில் சொல்லப்போறது நீங்க தான்.

கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸ எடைக்கு போடாதீங்க, இது ரொம்ப முக்கியம். என் வீட்டு பரண்ல ரெண்டு சைலன்சர், ஒரு செட் இண்டிகேட்டர், ஒரு மீட்டர் எல்லாம் சாக்குல கட்டி இருக்கு, வீட்டுக்காரம்மா வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னாடி அத தூக்கிப் போட பாப்பாங்க, நான் விடறதில்ல. விக்கறப்ப ஒரிஜினல் சைலன்சர் இருக்குன்னாலே விலை பேச்சு வேற மாதிரி போகும்.

எஞ்சின் வேலைல ஒரே ஒரு தப்ப மட்டும் சொல்றேன், ஏன்னா அது விக்கறதுலயும் வந்து நிக்கும். இந்த டூ ஸ்ட்ரோக் வண்டில எஞ்சின் உள்ள பெட்ரோலோட சேர்ந்து எரியற 2டி ஆயிலுக்கு தனி டேங்க், தனி பம்ப். நிறைய மெக்கானிக்குங்க பம்ப் தொல்லைன்னு கழட்டி அடைச்சுட்டு, பெட்ரோல்லயே லிட்டருக்கு 25 மில்லி கலந்துக்கோங்கன்னு சொல்லிடுவாங்க. உங்களுக்கு தெரியும், வாங்கறவனுக்கு தெரியுமா? அவன் ஆயில் டேங்க்ல ஆயில் இருக்குன்னு நம்பி பங்க்ல வெறும் பெட்ரோல் அடிச்சுட்டு ஹைவேல ஏறுவான், கொஞ்ச தூரத்துல பிஸ்டன் ஜாம், பின் வீல் லாக். உயிர் போற விஷயம்ங்க. பம்ப் இருந்தாலும் எஞ்சின் பிரிச்சு மாட்டினதும் ஆயில் லைன்ல காத்து எடுக்கணும், முதல் டேங்க் பெட்ரோல்லயும் கொஞ்சம் கலந்து ஓட்டறது சேஃப். இப்போ வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் வேற, அது தண்ணிய இழுக்கும், நிறுத்தி வெச்ச வண்டில டேங்க் உள்ள துரு, கார்புரேட்டர் ரப்பர் எல்லாம் ஊறிப்போகும். மாசக்கணக்குல நிக்கப்போகுதுன்னா கார்புரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கற கிண்ணத்த காலி பண்ணிடுங்க.

இப்போ இன்சூரன்ஸ். ஒன்றரை லட்சம் செலவு பண்ணி ரெடி பண்ணின வண்டிக்கு வெறும் தேர்ட் பார்ட்டி போட்டுட்டு "இன்சூரன்ஸ் இருக்கு"ன்னு சொல்லிட்டு திரியறோம். 2022ல வெச்ச ரேட்படி 75ல இருந்து 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 714 ரூபாயும் ஜிஎஸ்டியும், அது எதிர்ல வர்றவருக்கு தான். உங்க வண்டி திருடு போனா பத்து பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸ் கேட்டா வண்டி வயச சொன்னதுமே நிறைய கம்பெனி கைய விரிச்சுடும், எனக்கு ஒரு இடத்துல ஐடிவி, அதாவது வண்டி மொத்தமா போனா தர்ற தொகை, 12,000னு போட்டு குடுத்தாங்க, நான் டேங்க் பெயிண்ட்டுக்கும் குரோம் வேலைக்குமே அதுக்கு மேல குடுத்திருக்கேன். ஆனா விதி என்னன்னா அஞ்சு வருஷம் தாண்டின வண்டிக்கு ஐடிவி டேபிள் கிடையாது, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கற தொகை தான். பேசறதுக்கு கைல எதாவது வேணும்ல? ஒவ்வொரு பில்லும், வேலை நடக்கறப்ப எடுத்த போட்டோவும் எடுத்து வைங்க, ஆன்லைன்ல நாலு பட்டன தட்டி பாலிசி எடுக்காம ஆபீஸுக்கே வண்டிய கொண்டு போய் காட்டி கேளுங்க. அப்பவும் பத்து வருஷம் தாண்டின வண்டிக்கு மெட்டல் பார்ட்ஸ்ல பாதி, ரப்பர் பிளாஸ்டிக்ல பாதின்னு தேய்மானம் கழிச்சு தான் தருவாங்க, முழுசா வரும்னு நினைக்காதீங்க.

மாத்தினத சொல்லாம மறைச்சு பாலிசி எடுக்கறது சுத்த வேஸ்ட், க்ளெய்ம் பாக்க வர்ற சர்வேயர் பிளாக்க பாத்ததும் கேள்வி கேப்பாரு. எஃப்சி முடிஞ்ச வண்டியும் அப்படித்தான், 15 வருஷம் முடிஞ்சா அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ரெனியூவல், அது இல்லாம ரோட்ல எடுத்தா பாலிசி இருந்தும் க்ளெய்ம் மறுக்க அவங்களுக்கு காரணம் கிடைச்சுடும்.

வின்டேஜ் நம்பர் வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. 2021ல வந்த ரூல் அது, முதல் ரிஜிஸ்ட்ரேஷன்ல இருந்து 50 வருஷம் ஆகியிருக்கணும், சேசிஸ், பாடி, எஞ்சின்ல பெருசா கை வெச்சிருக்கக்கூடாது, புது ரிஜிஸ்ட்ரேஷன்னா ஃபீஸ் 20,000, அதுக்கப்புறம் டெய்லி ஆபீஸுக்கு எல்லாம் ஓட்டவும் முடியாது. ஆர்எக்ஸ் 100க்கு 2035க்கு முன்னாடி அந்த பேச்சே இல்ல. பழைய ஜாவா, லாம்ப்ரெட்டா வெச்சிருக்கவங்க யோசிக்கலாம்.

விக்கறப்ப நான் பட்டது. நல்ல பையன், காலேஜ், கண்ணுல அப்படி ஒரு ஆசை. "அண்ணா, அடுத்த வாரம் பேர் மாத்திக்கறேன்ணா"ன்னான், 29, 30ல கையெழுத்து போட்டு குடுத்துட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு ஹெல்மெட் இல்லைன்னு ஒரு சலான் என் போனுக்கு வருது, அப்புறம் டிரிபிள்ஸ், அப்புறம் ஒன்வே. கால் பண்ணா எடுக்கறதில்ல. சலானோட போச்சேன்னு இப்போ நிம்மதி, ஏன்னா யாரையாவது இடிச்சிருந்தா, ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவர் தான் ஓனர், அவர் தான் பொறுப்புன்னு 2018லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. நான் வித்துட்டேன் சார்னு கையெழுத்து போட்ட பேப்பர காட்டினாலும் வேலைக்கு ஆகாது. விக்கற நம்மளும் 14 நாளைக்குள்ள ஆர்டிஓக்கு தெரியப்படுத்தணும்னு இருக்கு, யாரு பண்றோம்?

இப்போ எல்லாம் வாங்கறவரோட நானே ஆர்டிஓ ஆபீஸ் போறேன், அரை நாள் லீவு போனா போகுது. முடியலைன்னா இன்னொரு வழி வெச்சிருக்கேன், வண்டிய அவர் எடுத்துட்டு போகலாம், பரண்ல இருக்கற ஒரிஜினல் சைலன்சர் மட்டும் பேர் மாறின ஆர்சிய கொண்டு வந்து காட்டினப்புறம் தான். போன தடவை வாங்கினவரு ஒன்பதாவது நாளே ஆர்சியோட வந்து நின்னாரு.