வட சென்னைக் கல்லூரிக்குள் ஒருமுறை போய்வர நினைப்பவர்களுக்கு

ஊருக்குப் போகும்போது பெட்டியில் என்ன வைப்பது என்று எழுதப் பலர் இருக்கிறார்கள். இது வட சென்னையில் படித்துவிட்டு வெளிநாட்டில் தங்கிவிட்டவர்களுக்கு. ஊருக்குப் போனால் படித்த இடத்தைப் பார்க்காமல் திரும்ப மனசு வராது.

வெளியே நின்றே பார்க்கக்கூடியவற்றை முதலில் முடித்துவிடுங்கள். உயர் நீதிமன்ற மெட்ரோவில் இறங்கினால், என்.எஸ்.சி. போஸ் சாலையில் பச்சையப்பன் மண்டபம். ஏதென்ஸ் நகரத்து தீசியஸ் கோயிலை மாதிரியாக வைத்துக் கட்டி, 1850-ல் திறந்தார்கள். பச்சையப்பன் கல்லூரி 1940-ல் சேத்துப்பட்டுக்குப் போகும்வரை ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. கணித மேதை ராமானுஜனும் அறிஞர் அண்ணாவும் அந்தக் காலத்து மாணவர்கள். கடை விரிப்பதற்கு முன், விடிகாலையில் போனால்தான் தூண்கள் முழுசாகக் கண்ணில் படும். பக்கத்திலேயே சட்டக் கல்லூரியின் சிவப்புக் கட்டடம், ஹென்றி இர்வின் வடிவமைத்தது, 1899. வகுப்புகள் 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போய்விட்டன. மாணவர் சத்தம் இல்லாத அந்தக் கட்டடத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியைத் தவறவிடாதீர்கள். 1782 பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. ராயபுரத்துப் பெரியவர்களிடம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று கேட்டாலே வழி காட்டுவார்கள்.

இனி நான் படித்த கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே ஒரு பழைய ஓட்டுக் கட்டடமும் அதன் பின்னால் பூப்பந்து ஆடுகளமும் உண்டு. மஞ்சள் கம்பளிப் பந்தை மட்டையால் வெட்டி அடிக்க நான் பழகிய இடம். புறப்படும் முன்பே மின்னஞ்சலில் அனுமதி கேட்டிருந்தேன். வாட்ச்மேன் அதைப் போனில் பார்த்துவிட்டு, "இது செல்லாது சார், ஆபீஸ்ல கேளுங்க" என்றார். ஆபீஸில் சூப்பிரண்டு, தபாலில் வந்து பதிவேட்டில் எண் போட்ட கடிதம்தான் கடிதம் என்றார். உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பிரின்சிபல் மீட்டிங்கில் இருந்தார். மைதானம் என்பதால் பி.டி. சார் கையெழுத்தும் வேண்டுமாம். அவர் ஜோனல் மேட்சுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தார். மறுநாள் அவர் வந்தார், சூப்பிரண்டு விடுப்பு. மாணவர் மோதல்களுக்குப் பிறகு கேட்டில் கெடுபிடி என்பது புரிகிறது. ஆனால் வெள்ளை முடியோடு நிற்பவனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொல்வதற்கு எந்தப் பதிவேடும் தேவையில்லை.

கடைசியில் உள்ளே விட்டார்கள். ஆடுகளத்தில் பைக்குகள் நின்றன. வலை கட்டும் கம்பங்களில் ஒன்று மிச்சம். ஆகவே, போவதற்கு ஒரு மாதம் முன்பே பிரின்சிபல் பெயருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். கட்டடம், மைதானம் இரண்டையும் கடிதத்தில் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பட்டச் சான்றிதழ் நகலையும் சேருங்கள்.

இந்த அலைச்சல் முழுக்க என் கையில் இன்னொரு ஃபைலும் இருந்தது. அத்தை கொடுத்தது. "நீ படிச்ச காலேஜ்தானேப்பா, ஒரு வார்த்த சொன்னா போதும்" என்று பேத்திக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட் கேட்டாள். அப்படிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. என் முதல் பருவக் கட்டணத்தைக் கட்டியது அவள். மாமா இறந்தபோது நான் வரவில்லை, பணம்தான் அனுப்பினேன்.

இப்படிக் கேட்டால் மறுக்கவும் வேண்டாம், வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில்தான் விண்ணப்பம். விளையாட்டு, மாற்றுத்திறனாளி போன்ற சிறப்புப் பிரிவுகளுக்குக் கலந்தாய்வு முதலில் நடக்கும். பள்ளி அளவுக் கோப்பைகளை விட மாவட்ட, மாநில அளவுச் சான்றிதழ்களைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பிள்ளையோடு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நீங்களே விண்ணப்பத்தை நிரப்புங்கள். சிபாரிசை விட அது உதவும்.

அதற்கு நேரம் வேண்டுமே. அதனால் காசிமேட்டில் அத்தை இருந்தால், வந்திறங்கியதும் முதலில் அவள் வீட்டுக்குப் போங்கள். கல்லூரி அப்புறம்.