பாப்புலிசப் பேச்சின் உணர்ச்சியை எடைபோடும்போது செய்யும் தவறுகள்

மேடையில் பேசும் அரசியல்வாதியின் குரல் உயர்ந்தாலோ கண் கலங்கினாலோ போதும், "பாப்புலிசம்" (மக்களை மேட்டுக்குடிக்கு எதிராக நிறுத்தும் அரசியல்) என்று முத்திரை குத்திவிடுகிறோம். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிண்டன் ஜான்சன் தரப்பு வெளியிட்ட விளம்பரத்தில் ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணிக்கொண்டிருப்பாள். திடீரென ஆண்குரல் ஒன்று தலைகீழாக எண்ண, அணுகுண்டு வெடிக்கும். கட்டண விளம்பரமாக அது ஒளிபரப்பானது ஒரே முறை. முழுக்க முழுக்க அச்சமூட்டல், ஆனால் பாப்புலிசம் இல்லை. நேர்மையான மக்கள் ஒரு பக்கம், அவர்களை ஏய்க்கும் மேட்டுக்குடி மறுபக்கம் என்ற கோடு அதில் கிடையாது. அந்தக் கோடுதான் அடையாளம்.

அதனால் உணர்ச்சி எவ்வளவு பொங்குகிறது என்பதைவிட யார்மேல் பாய்கிறது என்று பாருங்கள். ஒரு மாதிரி வாக்கியம்: "வியர்வை சிந்தியது நாம், விருந்து சாப்பிட்டது அவர்கள், இனி பொறுக்க மாட்டோம்." ஓரத்தில் "கோபம்" என்று குறித்துவிட்டு நகர்ந்தால் பாதிதான் கையில் கிடைக்கும். "நாம்" யார், "அவர்கள்" யார், என்ன நடந்ததாகச் சொல்கிறார், கேட்பவர் என்ன செய்ய வேண்டும் என்கிறார் ஆகிய நான்கையும் எழுதுங்கள். இங்கே "அவர்கள்" யாரென்று சொல்லவே இல்லை. அதைக் கவனக்குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் காலி நாற்காலியில் கேட்பவர் தனக்கு ஆகாதவரை உட்காரவைத்துக்கொள்வார். "நாம்" கேட்பவரையும் உள்ளே இழுக்கும்; "நாங்கள்" வெளியே நிறுத்தும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், மொழிபெயர்ப்பை வைத்து ஆய்பவர் இதைக் கோட்டைவிடுவார்.

கோபத்தையும் அச்சத்தையும் "எதிர்மறை" என்ற ஒரே பெட்டியில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. கோபத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும். அச்சத்துக்கு நிச்சயமின்மையே போதும். விளைவும் வேறு. அஞ்சுபவர் பொதுவாகத் தகவல் தேடுவார். கோபக்காரர் ஏற்கெனவே நம்பியதை இறுகப் பிடித்துக்கொண்டு களத்தில் இறங்குவார். பெருமிதம், நம்பிக்கை, பழைய நாள் ஏக்கம் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்க மறப்பவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலக வேண்டும் என்ற 2016 பிரெக்ஸிட் பிரச்சாரத்தின் "கட்டுப்பாட்டை மீட்போம்" என்ற முழக்கத்தில் "மீட்பு" என்ற ஒரு சொல்லே இழப்பையும் நம்பிக்கையையும் சேர்த்துச் சுமக்கிறது.

மென்பொருளிடம் உணர்ச்சிச் சொற்களை எண்ணக் கொடுப்பவர்கள் சொல் வரும் சூழலில் சறுக்குவார்கள். 1933இல் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது, நாம் அஞ்ச வேண்டியது அச்சத்துக்கு மட்டுமே என்றார். வெறும் எண்ணிக்கைக்கு அது இரட்டை அச்சம், கேட்டவருக்கோ தைரியம். கையால் குறிப்பதென்றால் குறைந்தது இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை அளக்கும் கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபா 0.80 வந்தால் நல்லது, 0.667க்குக் கீழே போனால் குறிப்பு விதிகளையே திருத்தி எழுதுங்கள். கருத்து வேறுபாடு அதிகம் முளைப்பது கிண்டலில். எழுத்துப் படியில் கிண்டலான வரி சாதுவாகத் தெரியும், காணொளியையும் ஓட்டிப் பாருங்கள்.

"பொய் என்று காட்டினால் போதும்" என்ற நினைப்பு செய்தியாளர்களுக்கே உரியது. வாரத்துக்கு 35 கோடி பவுண்டு ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகிறது, அதை நம் மருத்துவச் சேவைக்குக் கொடுப்போம் என்று பிரெக்ஸிட் பிரச்சாரப் பேருந்தில் எழுதியிருந்தார்கள். பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடி போனபின் உண்மையில் அனுப்பிய தொகை சுமார் 25 கோடிதான். மறுத்தவர்கள் 35 கோடியைத் தலைப்பிலேயே போட்டுப் பரப்பினார்கள். வாதம் 35ஆ 25ஆ என்று சுருங்கியது. கேட்பவருக்கு இரண்டுமே மலைக்கவைக்கும் தொகை, "நம் பணம் போகிறது" என்ற உணர்வு அசையவில்லை. மறுப்பு எழுதுவதானால் முதல் வரியில் சரியான எண் வரட்டும். அடுத்த பத்தியில், பணத்தைப் பற்றியல்ல, மருத்துவமனையில் காத்திருப்பவரின் மனக்குறையைப் பற்றி எழுதுங்கள். பேருந்து பேசியது அவரிடம்தான்.