மருந்தே வினையானால்: இழப்பீடு கேட்கும் வழி

வலிப்புக்குக் கார்பமசெபின் எழுதித் தருகிறார்கள். இரண்டாவது வாரம் காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல். அடுத்த சில நாளில் தீக்காயம் பட்டதுபோல் தோல் உரிகிறது. ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய்க்குறி என்கிறார் மருத்துவர். யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினாலும் சிலருக்கு இதைச் செய்யும். காசநோய்க்கான எத்தாம்பியூட்டால் பார்வையையும், அமிக்காசின் ஊசி காதையும் பாதிக்கக்கூடும்.

"கேஸ் போடலாமா?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். பக்கவிளைவு வந்தது என்பது மட்டுமே வழக்காகாது. எச்சரிக்க வேண்டியவர் எச்சரிக்கவில்லை, பார்க்க வேண்டிய பரிசோதனையைப் பார்க்கவில்லை, அளவு தவறியது, மருந்தின் தரமே கெட்டிருந்தது: இவற்றில் ஒன்றையாவது நீங்கள் நிரூபிக்க வேண்டும். அதற்கான சான்றுகள் பெரும்பாலும் முதல் பத்து நாளிலேயே குப்பைக்குப் போய்விடுகின்றன.

முதல் நாட்களில்

சிகிச்சைதான் முதலில். காய்ச்சலோடு தோல் தடிப்பும் வாய்ப்புண்ணும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதா வேண்டாமா என்பதை அங்கேயே கேளுங்கள். வலிப்பு மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பும் என்பதால் மாற்று மருந்தும் அப்போதே தேவைப்படும்.

மீதி மாத்திரைகளை அட்டையோடு ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வையுங்கள். பேட்ச் எண் அட்டையின் ஓர் ஓரத்தில்தான் இருக்கும். கடையில் நாலு மாத்திரை வெட்டிக் கொடுத்தால் அந்த ஓரம் கடைக்காரரிடமே தங்கிவிடும். அப்போது உங்களுக்கு இருப்பது பில் ஒன்றுதான். அதில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளையும் தூக்கிப் போடாதீர்கள். நிறுவனம் என்ன எச்சரித்தது என்பதற்கு அதுவே சாட்சி. கையில் இருக்கும் ஒரே அட்டையை விசாரிக்க வரும் நிறுவன ஆளிடம் கொடுத்துவிட வேண்டாம். படம் எடுத்து அனுப்பினால் போதும். தோல், கண், வாய் ஆகியவற்றைத் தினமும் தேதியோடு படம் எடுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஒவ்வாமை" என்று ஒற்றைச் சொல் எழுதி முடித்துவிடுவது வழக்கம். அது போதாது. எந்த மருந்து, எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் அறிகுறி வந்தது, நிறுத்திய பிறகு குறைந்ததா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். மருந்தையும் பாதிப்பையும் இணைப்பது இந்த நான்குதான். பாதிப்புக்கு அந்த மருந்துதான் காரணமா என்று கணக்கிடும் நாராஞ்சோ மதிப்பெண் போட்டுத் தரவும் கேளுங்கள். 5 முதல் 8 வரை வந்தால் "பெரிதும் சாத்தியம்", 9 அல்லது அதற்கு மேல் "உறுதி".

முழுக் கேஸ் ஷீட்டையும், குறிப்பாகச் செவிலியர் மருந்து கொடுத்த நேரக் குறிப்பையும், எழுத்தில் கேட்டு ஒப்புகை வாங்குங்கள். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள்படி 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுதான் வைத்திருக்கக் கடமை. எனவே தள்ளிப்போடாதீர்கள்.

மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்துக்கும் (1800-180-3024) தகவல் சொல்லுங்கள். நுகர்வோருக்கான படிவம் தமிழிலும் உண்டு. இதனால் இழப்பீடு வராது, ஆனால் இப்படிச் சேரும் புகார்களிலிருந்துதான் நாடு முழுவதற்குமான எச்சரிக்கை பிறக்கிறது. மெஃபனாமிக் அமிலம் என்ற வலிநிவாரணி பற்றி 2023-இல் வந்த எச்சரிக்கை அப்படி வந்ததே.

யார் மேல்?

மருத்துவர் மேல் என்றால் அளவு, எச்சரிக்கை, கண்காணிப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். அனுராதா சாகா என்ற நோயாளியின் வழக்கில், உடலில் நெடுநாள் தங்கும் ஸ்டீராய்டு ஊசியை நாளுக்கு இருமுறை 80 மில்லிகிராம் போட எழுதியது முக்கியக் குற்றச்சாட்டு. 1998-இல் அவர் இறந்தார். உச்ச நீதிமன்றம் 2013-இல் ஏறத்தாழ 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கியது. இடையில் 15 ஆண்டு ஓடியதையும் மனத்தில் வையுங்கள். மருத்துவக் கவனக்குறைவுக்கு நிபுணர் கருத்து எல்லா வழக்கிலும் கட்டாயமில்லை என்று 2010-இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் மருந்து வழக்கில் வேறொரு மருத்துவரின் எழுத்துக் கருத்து இல்லாமல் போவது ஆபத்து.

கடைக்காரர், மருத்துவர் எழுதிய அட்டவணை எச் மருந்துக்கு (சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடியது) பதில் வேறு தயாரிப்பைக் கொடுக்கக் கூடாது. சீட்டில் ஒன்றும் பில்லில் வேறொன்றும் இருந்தால் அது தனிக் காரணம்.

நிறுவனத்தின் மேல் போவதுதான் கடினம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் "எச்சரிக்கவில்லை" என்ற புகாருக்கு 87-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது: நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய பொருள் என்றால், அந்த நிபுணரை முறையாக எச்சரித்திருந்தாலே போதும். அதனால் உள்தாளில் அந்தப் பக்கவிளைவு இருந்தால் சுட்டுவிரல் பெரும்பாலும் மருத்துவர் பக்கம் திரும்பும். தாளிலேயே இல்லையென்றால் நிறுவனத்தின் பக்கம். தரத்தில் சந்தேகம் இருந்தால், மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம். அதே பேட்சில் பிரிக்காத அட்டை இருந்தால் நல்லது.

எங்கே, எப்போது

நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். மருத்துவமனை வேறு ஊரில் இருந்தாலும் சரி. எந்த ஆணையம் என்பதை, கேட்கும் இழப்பீடு தீர்மானிப்பதில்லை. நீங்கள் கட்டிய தொகைதான் தீர்மானிக்கிறது. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணமே கிடையாது. ஆகவே 3 லட்சம் பில் கட்டியவர் 60 லட்சம் இழப்பீட்டை மாவட்ட ஆணையத்திலேயே கட்டணமின்றிக் கேட்கலாம்.

கெடு 2 ஆண்டு. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பதால் இந்தக் கெடு நீளாது. சமாதானப் பேச்சிலேயே காலத்தைத் தின்றுவிட்டு வருகிறவர்கள் ஏராளம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். மனுவில் தேதிவாரியான நிகழ்வுப் பட்டியலையும், செலவு, இழந்த வருமானம், இனி ஆகும் சிகிச்சைச் செலவு ஆகியவற்றைத் தனித்தனித் தொகையாகவும் எழுதி, பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15.

எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது; அங்கே நடந்த பாதிப்புக்கு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு அல்லது சிவில் வழக்குதான் வழி. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் 15100-ஐ அழையுங்கள், அல்லது மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் இனத்தவர் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. பார்வையோ செவியோ நிரந்தரமாகப் போயிருந்தால், மாற்றுத்திறனாளிச் சான்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். அது சட்ட உதவிக்கும் இழப்பீட்டுக் கணக்குக்கும் பயன்படும்.