முருகைத் தொட்டியில் கல் அடுக்கும்போது விடும் பிழைகள்

முருகையும் மீனும் வளர்க்கும் கடல்நீர்க் கண்ணாடித் தொட்டிக்குக் கல் தேடி, திருகோணமலை நிலாவெளிக் கரையில் குனிந்தால் கை நிறைய முருகைக்கல் அள்ளலாம். பிழை அங்கேயே தொடங்கிவிடுகிறது. கரையோர வலயத்திலிருந்து முருகைக்கல் அகற்றுவது சட்டவிரோதம். எதிரே தெரிகிற புறாத்தீவோ 2003 முதல் தேசியப் பூங்கா. கடையில் வாங்கும் உலர்ந்த கல்லோ சீமெந்தில் வார்த்த கல்லோ போதும். நன்றாக ஓடும் தொட்டியொன்றிலிருந்து கையளவு லைவ் ரொக், அதாவது பற்றீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கல், சேர்த்தால் கழிவை உடைக்கும் பற்றீரியா தானாகப் பரவும். சீமெந்துக் கல்லை மட்டும் சில வாரம் நன்னீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, பி.எச். ஏறுவது நின்ற பிறகு பாவியுங்கள்.

கிருமி போகட்டும் என்று லைவ் ரொக்கைக் கொதிக்க வைப்பவர்களும் உண்டு. வேண்டவே வேண்டாம். முருகைக்கு உறவான சோவாந்திட் வகை உயிர்கள் அதில் ஒட்டியிருந்தால் பாலிடொக்சின் என்னும் கடும் நஞ்சு ஆவியோடு எழும்பும். குசினிக்குள் நின்றவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும்.

ஈரமாக வந்த கல்லை நேரே மீனுள்ள தொட்டிக்குள் இறக்கினால், வழியில் செத்த கடற்பஞ்சும் புழுவும் அழுகி அமோனியா ஏறும். தனிப் பேசினில் உப்புநீரும் சிறு பம்பும் வைத்து, அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியமாகும்வரை விடுங்கள். நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம். அதற்குக் கடல்நீர் அள்ளுவதானால் மாரியில் உப்பை அளக்காமல் ஊற்றாதீர்கள்: மகாவலி ஆற்றின் நன்னீர் விழுவது கொட்டியாரக் குடாவில்; அந்தப் பக்கத்து நீர் அடர்த்தி தொட்டிக்கு வேண்டிய 1.025க்குக் கீழே நிற்கலாம்.

இனி அடுக்கல். மணலைப் பரப்பிவிட்டு அதன்மேல் கல் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. கோபி மீனோ பிஸ்டல் இறாலோ அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி வெடிக்கும். முதலில் அடிக்கல்லை வெறும் கண்ணாடியில், இடையே மெல்லிய பிளாஸ்ரிக் வலைத்தட்டு வைத்து, மூன்று புள்ளியில் ஊன்றி நிற்கும்படி இருத்துங்கள். மணல் பிறகு, 3 முதல் 5 சென்ரிமீற்றர்.

பின்கண்ணாடியோடு ஒட்டி மதில் கட்டுவது அடுத்த பிழை. லைவ் ரொக் அலங்காரமல்ல, அதுதான் வடிகட்டி. துவாரங்களுக்குள் தண்ணீர் போய்வராவிட்டால் வேலை செய்யாது. மதிலுக்குப் பின்னால் மீன் கழிவும் மிச்சத் தீனியும் தேங்கி, நைத்திரேற்று ஏறி, பாசி பிடிக்கும். நாலு பக்கமும் 5 முதல் 8 சென்ரிமீற்றர் விடுங்கள். துடைக்கும் காந்தமும் அதற்குள் ஓட வேண்டும். ஒரே குவியலுக்குப் பதில் இரண்டு தீவு, நடுவில் வாய்க்கால், கீழே குகை. 200 லீற்றர் தொட்டிக்கு 20 கிலோ தாராளம். துவாரம் அதிகமான இலேசான கல்லானால் 15ம் போதும். மேல்முனை நீர்மட்டத்துக்கு 15 சென்ரிமீற்றர் கீழே நிற்கட்டும், முருகை வளர இடம் வேண்டுமே. பம்ப் ஓடும்போது பெரிய சிரிஞ்சியால் கல்லிடுக்கில் நீரடித்துப் பாருங்கள். எழும்பும் தூசு அங்கேயே திரும்ப இறங்கினால் பம்பின் முகத்தைத் திருப்புங்கள் அல்லது ஒரு கல்லை எடுத்துவிடுங்கள்.

எபொக்சிப் பசை மட்டும் பாரம் தாங்காது. இருபுறமும் ஜெல் சுப்பர் குளூ, நடுவில் எபொக்சி என்று ஒட்டுங்கள். தொங்கும் கல்லுக்குத் துளையிட்டு அக்ரிலிக் கம்பி செருகுங்கள். செப்புக் கம்பியோ இரும்பாணியோ கூடாது. செம்பு இறாலையும் முருகையையும் கொல்லும், இரும்பு துருவேறி விட்டுப்போகும். எல்லாவற்றையும் வெளியே, தொட்டி அளவுக்கு வெட்டிய அட்டையில் அடுக்கி, கையால் தள்ளிப் பாருங்கள். அசைகிற கல்லுக்கு இன்னொரு ஊன்று கொடுத்த பிறகே தண்ணீர் விடுங்கள்.