புயலுக்குப் பிறகு மீன் லோடு வீணாவது எங்கே? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புயல் கூண்டை இறக்கி, கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கொடுக்கத் தொடங்கியதும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் எங்கும் எல்லாரும் டீசலைத் தேடி ஓடுவார்கள். முதலில் தேட வேண்டியது ஐஸை.

கரண்ட் வந்துவிட்டது என்று கேட்டதுமே படகை எடுப்பதுதான் பெரிய தவறு. நின்றுபோன ஐஸ் பிளான்டில், தண்ணீர் கேன்களைச் சுற்றி நிற்கும் உப்புக்கரைசல் மறுபடி மைனஸ் 10 டிகிரியை ஒட்டிக் குளிர வேண்டும். பிறகு கேனில் ஊற்றிய தண்ணீர் நடுவரை உறைய வேண்டும். முதல் பார் (ஐஸ் கட்டி) இறங்க ஒரு நாளாவது பிடிக்கும். அவசரத்தில் பாதியில் எடுத்த பாரை உடைத்தால் நடுவிலிருந்து தண்ணீர் கொட்டும். ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பரமக்குடி, மதுரை பக்கமிருந்து ஐஸ் வந்தால், இங்கே இறக்கும்போது எடை போட்டுக் காசு கொடுங்கள்.

அடுத்தது கணக்குத் தவறு. 30 டிகிரியில் இருக்கும் 3 கிலோ மீனைப் பூஜ்யத்துக்கு இறக்க ஏறத்தாழ 1 கிலோ ஐஸ் போதும். அது குளிர வைக்க மட்டும்தான். வழியில் ஏறும் சூட்டுக்கும் சேர்த்தால் மீனும் ஐஸும் சரிபாதி வேண்டும். 500 கிலோ ஐஸ்தான் கிடைத்ததா? 500 கிலோ மீனோடு கரை திரும்புங்கள்.

சூரை, சாளை, கானாங்கெளுத்தியில் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. சூட்டில் கிடந்த இந்த மீன்களில் ஹிஸ்டமின் என்ற நச்சு சேரும். பிறகு ஐஸ் போட்டாலும் குழம்பு கொதித்தாலும் அது போகாது. சாப்பிடுபவருக்கு முகம் சிவந்து, தடித்து, வாந்தி வரும். பழைய மீனைப் புது மீனோடு கலந்து ஏலத்தில் வைப்பது யாருக்கோ செய்யும் கெடுதல்.

ராமேஸ்வரம் தீவுக்குச் சாலைவழி பாம்பன் பாலம் ஒன்றுதான். 1964 டிசம்பர் புயலில் ரயில் பாலமே உடைந்தது. சாலைப் பாலம் வந்தது 1988இல். பலத்த காற்றில் பாலத்தை மூடினால் லோடு நிற்கும். தெர்மாகோல் பெட்டி, உப்பு இரண்டையும் மண்டபத்திலேயே குவித்து வைக்காமல், கூண்டு ஏறும் முன்பே தீவுக்குள்ளும் பாதி இருக்கட்டும். லாரி வராது என்று தெரிந்தால் அன்றே கருவாட்டுக்குத் திருப்புங்கள்: 3 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு. இரண்டு நாள் காத்திருந்து, நாறிய பிறகு உப்பில் போட்டால் நாறிய கருவாடுதான் கிடைக்கும்.

வெள்ளம் புகுந்த இடத்து டீசல் டிரம்மை அசைக்காமல் நிறுத்தி, அடியிலிருந்து ஒரு கிளாஸ் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் கீழே தனியாகத் தங்கும். அப்படியே ஊற்றினால் நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிடும்.

நனைந்த வலை, பெட்டி, சரக்கைத் தூக்கி எறியும் முன் தேதியோடு போட்டோ எடுத்து, எடையை எழுதி வையுங்கள். நிவாரண மனுவுக்கும் காப்பீட்டுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.